பாஸ் எடுக்காதவள்

ஜூலை 17

ஆடி முதல் தேதி. ஹாஸ்டலில் குளியலறை வரிசையில் வாளியைப் போட்டு இடம் பிடித்துவிட்டு இதை எழுதுகிறேன். உள்ளே போனவளுக்கு வெளியே வர மனமில்லை. மகாராணி தலைக்கு ஊற்றுகிறாள் போல.

நேற்று அனுசுயா வந்து சேர்ந்தாள். கோவில்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளை. பத்தொன்பது வயது. அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். அவள் அம்மா போனில் என்னிடம், "செண்பா, உன்னைய நம்பித்தான் அனுப்புதேன். அவளுக்கு ஒரு சூதுவாது தெரியாது. நீதான் பாத்துக்கிடணும்" என்றாள். பாத்துக்கிடுதேன் அத்தை, கவலைய விடுங்க என்று சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது?

நாங்கள் வேலை பார்க்கிற ஜவுளிக் கடையில் ஒரு வழக்கம். ஆளை யார் கூட்டி வந்தார்களோ அவர்கள்தான் அந்த ஆளுக்குப் பொறுப்பு. புதுப்பிள்ளை தப்புச் செய்தால் பழைய பிள்ளைக்குத்தான் வசவு. எனக்கு அந்தப் பயம் கிடையாது. மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் இன்றுவரை என்னை ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூலை 18

சொல்லிவிட்டார்கள்.

காலையில் கடை திறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. நான் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு அரக்குக் கலரில் சேலையாக எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் பின்னால் வந்து என் முந்தானையை இழுக்கிறாள்.

"அக்கா, பாத்ரூம் எங்கன இருக்கு?"

"மொட்டை மாடில. லிப்டுல ஏறாத, அது கஸ்டமருக்கு. படில போ. முதல்ல அண்ணாச்சிட்ட பாஸ் வாங்கணும்."

அண்ணாச்சி என்றால் எங்கள் மாடி சூப்பர்வைசர் ஞானதுரை. பாஸ் என்பது அவர் கழுத்தில் சிவப்பு நாடாவில் தொங்குகிற பிளாஸ்டிக் அட்டை. மாடிக்கு ஒன்றுதான். ஒருத்தி போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். கஸ்டமர் முன்னால், கடைப் பையன்கள் முன்னால், அவரிடம் போய்க் கையை நீட்ட வேண்டும். அவர் தரமாட்டேன் என்று சொல்லவே மாட்டார். "என்னம்மா, என்ன அவசரம்?" என்று மட்டும் கேட்பார். அதற்கு எவளால் பதில் சொல்ல முடியும்?

அனுசுயா சொன்னாள். "ஒண்ணுக்கு வருது அண்ணாச்சி."

மூன்றாம் மாடியே சிரித்தது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாஸ் வாங்கினாள். சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "செண்பகவல்லி, நீ கூட்டிட்டு வந்த பிள்ளை சேலை விக்க வந்துச்சா, மாடிப்படி எண்ண வந்துச்சா?"

என் காது சுட்டுவிட்டது. ஹாஸ்டலில் வந்து, "நீ பொம்பளப் பிள்ளையா, தண்ணி லாரியாட்டி?" என்று அவளைக் கேட்டேன். ரூமில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது.

ஜூலை 22

எல்லோரும் அவளைத் தண்ணி லாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அழுகிறாள். ஊருக்குப் போகிறேன் என்கிறாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு சர்டிபிகேட் எல்லாம் கடை ஆபீசில் வாங்கி வைத்திருக்கிறார்கள். தீபாவளி கழியாமல் யாருக்கும் திருப்பித் தரமாட்டார்கள். அதைச் சொன்னதும் இன்னும் அழுதாள்.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்லித் தருகிறேன் என்றேன். எனக்கு ஜெபராணி அக்கா சொல்லித் தந்ததுதான். அக்கா நாசரேத்துக்காரி, எங்கள் மாடியிலேயே மூத்தவள். நான் வந்த புதிதில் பாஸுக்குக் கை நீட்டி நின்றபோது என்னையும் இப்படித்தான் தனியாகக் கூட்டிப்போனாள்.

காலையில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றக்கூடாது, பொடிதான். காபி அரை டம்ளர். மதியம் சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து சாப்பிட வேண்டும், ரசம், மோர் பக்கமே போகக்கூடாது. தாகம் எடுத்தால் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து, நன்றாகக் கொப்பளித்து, தொண்டை வரைக்கும் கொண்டுபோய், துப்பிவிட வேண்டும். அப்புறம் ஒரு துண்டு கல்கண்டு. நாக்குக்கு ஈரம் கிடைத்தால் போதும், உடம்புக்கு அது தெரியாது.

"விழுங்கிட்டேன்க்கா" என்றாள் முதல் தடவை.

"திரும்பச் செய்."

ஹாஸ்டல் குழாயடியில் வைத்துப் பழக்கினேன். கடைசியில் துப்பிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், சின்னப் பிள்ளை மருந்து குடித்துவிட்டுக் காட்டுவது போல.

ஜூலை 23

இன்று ஒரே ஒரு பாஸ். பரவாயில்லை.

ஆகஸ்ட் 15

கடை வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அதோடு மாதப் பரிசும் கொடுத்தார்கள். மாடிக்கு மாடி, கவுண்டரை விட்டு நகராமல் வேலை பார்த்த பிள்ளைக்கு. மூன்றாம் மாடியில் நான். அண்ணாச்சி மைக்கில், "செண்பகவல்லி நின்னா நின்ன இடம்தான். கஸ்டமர் எந்திரிச்சாதான் இவ அசைவா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில்கூட எனக்காக யாரும் கை தட்டியதில்லை.

பரிசு ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். கடை பெயர் போட்டிருக்கிறது. நல்ல கனம். அதில் ஊக்கும் ஸ்டிக்கர் பொட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27

இடுப்புக்கு மேலே வலப்பக்கம் ஒரு வலி. நின்று நின்று வருவதுதான், இங்கே யாருக்கு இல்லை? ஜெபராணி அக்காவிடம் எப்போதும் வலி மாத்திரை இருக்கும். அவள் பையைத் திறந்தால் மருந்துக் கடைதான். கால் வலிக்கு வெள்ளை, தலைவலிக்கு மஞ்சள், தீபாவளி நேரத்தில் மாதத் தூரம் தள்ளிப்போட ஒன்று. கேட்டவளுக்கெல்லாம் கொடுப்பாள், தங்கமான மனசு. தண்ணீர் இல்லாமல் எச்சிலைக் கூட்டி விழுங்கவும் அவள்தான் எனக்குப் பழக்கினாள்.

அக்கா கொஞ்ச நாளாகக் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள். இறுக்குகிறதாம். முகமும் பூசினாற்போல் உப்பலாக இருக்கிறது. "அக்காவுக்குக் கல்யாணக் களை வந்துட்டு" என்று நாங்கள் கேலி செய்தோம். அவளும் சிரித்தாள்.

செப்டம்பர் 6

ஸ்டூல் வந்திருக்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், கவுண்டருக்கு ஒன்று. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமாம். ஆபீசர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணாச்சி, "எல்லாரும் உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தோம். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு எங்களை எழுந்திருக்க யாரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் எழுந்தோம். ஒருத்தி எழுந்தாள், பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள், பிறகு நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது?

மதியத்துக்குள் ஸ்டூல் மேல் கஸ்டமர் பைகள் உட்கார்ந்துவிட்டன.

செப்டம்பர் 9

மதியம் கூட்டமே இல்லை. அனுசுயா பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிர்க் கவுண்டரிலிருந்து ஒருத்தி, "ஏட்டி, எத்தனையாவது மாசம்?" என்று கேட்டாள். பையன்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், சிரிப்பு வந்தால் அடக்க முடியுமா?

அனுசுயா எழுந்து, சேலைக் கட்டை எடுத்து ஸ்டூல் மேல் அடுக்கினாள். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

செப்டம்பர் 21

தண்ணி லாரி என்று இப்போது யாரும் அவளைச் சொல்வதில்லை. பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள். நேற்று ஒரு அம்மாளுக்கு ரேக்கில் இருந்த பாதிச் சேலைகளை எடுத்துக் காட்டி, ஒன்றுமே வாங்காமல் அவள் எழுந்து போனபோதுகூட முகம் சுளிக்கவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஊரில் அவள் அம்மாவிடம் போனில் சொன்னேன். "உன் புண்ணியம் செண்பா" என்றாள்.

எனக்குத்தான் இரண்டு நாளாகக் குளிர்கிறது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 30

ஒரு நாளைக்குப் போகிற ஒரு தடவையும் சுருக்கென்று எரிகிறது. சூடு. வெள்ளரிக்காய் வாங்கித் தின்ன வேண்டும். அதில் தண்ணீர் ஜாஸ்தி, வேண்டாம்.

அக்டோபர் 7

இரண்டு மாத்திரை. ஏசிதான்.

அக்டோபர் 13

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசி இருக்கிறது. வலது கை சும்மாதானே இருக்கிறது.

முந்தாநாள் ஒரு கூட்டத்துக்குச் சேலையை உதறி விரித்தேன். மயில்கழுத்துக் கலர். அது விரிந்து கீழே இறங்குவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நானும் அதோடு இறங்கிவிட்டேன் போல. சேலை மேலேயே விழுந்தாளாம், நல்லவேளை கிழியவில்லை என்று அண்ணாச்சி சொன்னாராம். அனுசுயாதான் ஆட்டோவில் கூட்டிவந்தாள்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வலப்பக்கம் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினாள். நான் கத்திவிட்டேன்.

"எத்தனை நாளா வலி?"

"இப்பத்தான் டாக்டர். நின்னு நின்னு வந்தது."

"தண்ணி எவ்வளவு குடிப்ப?"

"குடிப்பேன்."

அவள் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தாள். "கிருமி மேல ஏறி கிட்னிக்குப் போயிருக்கு. அது மருந்துல சரியாயிடும். ஆனா வலப்பக்கக் கிட்னி சிறுத்திருக்கும்மா. அது இந்த வாரம் வந்தது இல்ல. இந்த வலி மாத்திரையெல்லாம் யார் குடுத்தது? இனிமே ஒண்ணுகூடத் தொடக்கூடாது. தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போகணும், அடக்கக்கூடாது. அவ்வளவுதான். கஷ்டமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு எங்கள் மாடியைத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். மாத்திரையை எச்சிலில் விழுங்கிவிட்டு, தண்ணீரைக் கொப்பளித்து வாஷ் பேசினில் துப்பினேன். "ஏம்மா, குடிக்கத்தானே குடுத்தேன்?" என்றாள். என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுபடி ஊற்றிக் கொடுத்தாள். வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். தொண்டை திறக்கவில்லை. பயமாக இருந்தது. என் தொண்டை நான் சொல்வதைக் கேட்கவில்லை.

அக்டோபர் 14

காலையில் அரை டம்ளர் இறங்கியது. படுத்தபடி ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அனுசுயா இப்போது கவுண்டரில் நிற்பாள். வாயில் கல்கண்டு இருக்கும்.

அக்டோபர் 18

நேற்று ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். அம்மா ஊருக்கு வா என்று போனில் அழுகிறாள். போனால் நிம்மதிதான். ஆனால் அனுசுயாவை இங்கே யார் பார்ப்பது? அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் ஆபீசில் சர்டிபிகேட் தரவில்லை. "தீபாவளி முடியட்டும், ரெண்டு பேரும் சேந்தே போங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். எனக்கு வேண்டுமானால் இரண்டு நாள் லீவு தருகிறேன் என்றார் அண்ணாச்சி.

அக்டோபர் 20

வேலைக்கு வந்துவிட்டேன்.

ஜெபராணி அக்காவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் நிக்கலியா?" என்றாள். செருப்பு ஏறாமல் வெறும் காலோடு நின்றுகொண்டுதான் இதைச் சொன்னாள். "நீயும் ஒரு தடவை காட்டுக்கா, நான் கூட வாரேன்" என்றேன். தீபாவளி முடியட்டும் என்றாள். இந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் எல்லாமும் தீபாவளி முடிந்த பிறகுதான்.

அனுசுயாவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கூட்டிப்போனேன்.

"நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் விட்டுரு. தண்ணி குடி. வந்தா போ."

"ஏன்க்கா, நல்லாத்தானே இருக்கேன்?"

"என்னையப் பாத்தல்லா?"

"உங்களுக்கு உடம்பு வாகு அப்படிக்கா. எனக்கு ஒண்ணும் செய்யல."

"அனு, சொன்னாக் கேளு."

"இப்பத்தான்க்கா எல்லாரும் என்னைய ஒரு ஆளா மதிக்காங்க. திரும்ப அந்தப் பேர வாங்கச் சொல்லுதீகளா?"

அந்தப் பேரை வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 24

பாட்டிலில் இருந்த ஊக்கையும் பொட்டையும் டப்பாவில் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிறைத்துக் கொண்டுபோனேன். கவுண்டருக்குக் கீழே குனிந்து, திருட்டுப்பால் குடிக்கிற பூனை மாதிரி இரண்டு மிடறு குடித்தேன். அப்புறம் பாஸுக்குப் போய்க் கை நீட்டினேன்.

"என்ன செண்பகவல்லி, நீயா?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுக்கு வருது அண்ணாச்சி" என்றேன்.

நாடாவைக் கழற்றிக் கொடுத்தார். படி ஏறும்போது முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. மொட்டை மாடிக்குப் போய்ச் சேரும் முன் அழுதுவிட்டேன். வெட்கம்தான், வேறென்ன? உடம்பில் ஒன்று சிறுத்துக் கிடக்கிறது, எனக்கு வெட்கம் பெரிதாக இருக்கிறது.

அக்டோபர் 27

இன்று ஸ்டூல் மேலிருந்த சேலைக் கட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எத்தனையாவது மாதம் என்று கேட்டார்கள். "பத்தாவது" என்றேன். கேட்டவள் சேலை மடிக்கத் திரும்பிக்கொண்டாள். அனுசுயா பக்கத்தில்தான் நின்றாள். "நீயும் உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டேன். அவள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டாள், நான் அவளுக்குத் தெரியாத ஆள் என்பதுபோல.

நவம்பர் 1

மாதப் பரிசு. மூன்றாம் மாடியில் அனுசுயா.

அண்ணாச்சி மைக்கில் என்னைச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். நின்னா நின்ன இடம்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். நான் கை தட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

நவம்பர் 4

காலையில் எழுப்பப் போனபோது அனுசுயா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். ஹாஸ்டலில் ஃபேன்கூட ஓடவில்லை. கையைத் தொட்டேன், கொதித்தது.

"என்னட்டி செய்யுது?"

"ஒண்ணுமில்லக்கா. ஏசி ஒத்துக்கிடல."

"இடுப்புக்கு மேல வலிக்கா?" என்று கேட்டேன். நின்று நின்று வருவது என்றாள்.

"இன்னைக்கு லீவு போடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தீபாவளிக்கு எட்டு நாள்தான்க்கா இருக்கு. ஜெபராணி அக்கா மாத்திரை தந்திருக்காக."

குழாயடிக்கு இழுத்துப்போனேன். என் பாட்டிலை நிறைத்து அவள் கையில் கொடுத்து, குடிக்காமல் விடமாட்டேன் என்று முன்னால் நின்றேன். அவள் எனக்காக ஒரு வாய் எடுத்தாள். கன்னம் இரண்டும் உப்பின. தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டை வரைக்கும் கொண்டுபோனாள். துப்பினாள். அப்புறம், நான் பழக்கினபோது செய்தது போலவே வாயைத் திறந்து காட்டினாள்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரியும். வாஷ் பேசின் முன்னால் நானும் வேண்டுமென்று செய்யவில்லை.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்பது உட்பட. "வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நவம்பர் 5

அத்தை ரயிலில் இடம் கிடைக்காமல் நாளைக்குத்தான் ஏறுகிறாள். தன் அம்மாவுக்குப் போன் போட்டதற்காக அனுசுயா என்னோடு பேசுவதில்லை. ரூமை மாற்றிக்கொண்டு ஜெபராணி அக்காவோடு படுக்கிறாள். கவுண்டரில் நான் பாட்டிலைத் திறந்தபோது, எதிர்ப்பக்கம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தண்ணி லாரி வந்துட்டு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, காய்ச்சலோடு அவளும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மூடியைத் திருகி மூடிவிட்டு, பாஸ் வாங்கப் போனேன்.

நவம்பர் 6

பரிசாக வந்த பாட்டிலை அவளும் ரேக்குக்குக் கீழேதான் வைத்திருக்கிறாள். உள்ளே ஊக்கும் பொட்டும். காலையில் அவள் வருவதற்கு முன்னால் போய், எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் கொட்டி மடித்து வைத்துவிட்டு, பாட்டிலைக் கழுவி, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிறைத்து வைத்தேன். கைக்கு எட்டுகிற இடம், குனிந்தால் போதும்.

நாள் முழுவதும் கூட்டம் நெரிந்தது. அவள் ஒரு தடவைகூடப் பாஸுக்குப் போகவில்லை. அவ்வப்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பதை மட்டும் பார்த்தேன். நின்றபடியே மறுபடி சேலையை உதறி விரித்தாள்.

சாயங்காலம் அவள் சேலை மடிக்கத் திரும்பியபோது குனிந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் வைத்த கனம் அப்படியே இருந்தது.